சோதனைக் குழாயில் ஒரு சிட்டிகை மூச்சு

மகனே,

இதனால் மதுரை மாநகரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள சகல பட்டிகளுக்கும் அறிவிப்பது என்னவென்றால், ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் வசிப்பவனும், பிளஸ் டூ உயிரியல் வகுப்பின் கடைசி பெஞ்சை அலங்கரிப்பவனும், உன் வருங்காலத் தகப்பனுமாகிய எனக்கு இன்று காலை ஏழு மணியளவில் மீசை முளைத்துவிட்டது. மொத்தம் பதினோரு முடிகள். இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஐந்து. வலப்பக்கத்து ஆறாவது முடி கிளம்பிவிட்டதாகவும் வழியில் பஸ் கிடைக்காமல் நிற்பதாகவும் தகவல். பொதுமக்கள் கூட்டம் கூட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

இந்தச் செய்தியை முதலில் அம்மாவிடம்தான் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மூஞ்சியக் கழுவுடா, கரி ஒட்டிருக்கும்" என்றாள். இப்படித்தான் சரித்திரம் அலட்சியப்படுத்தப்படுகிறது. உண்மையில் நான் சொல்ல வேண்டிய ஆள் அப்பா. அவர் வீட்டில் இல்லை. ஊருக்கு வெளியே, நெஞ்சு நோய்க்காரர்களைப் படுக்க வைக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எங்களை உள்ளே விடுவார்கள். இன்று செவ்வாய். மீசை ஐந்து நாள் பொறுக்கும், எனக்குள் இருக்கும் பேச்சு பொறுக்காது. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

உனக்கு இன்னும் பெயர் இல்லை, பிறந்த தேதி இல்லை, அம்மாவே இல்லை. (அந்தப் பதவிக்கு என் பரிசீலனையில் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களின் பரிசீலனையில் நான் இல்லை.) மகனுக்குக் கடிதம் எழுதுகிற அப்பாக்கள் எல்லாரும் தலை நரைத்த பிறகுதான் எழுதுகிறார்கள். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நரைக்கிறபோது மனிதர்கள் ஞாபகத்துக்கும் சேர்த்து வெள்ளையடித்துவிடுகிறார்கள். நான் நரைக்கும் முன், சொல்லப்போனால் மீசை கறுக்கும் முன்னாலேயே எழுதிவிடுகிறேன். உனக்கு மீசை வரும் காலையில் நீ இதைப் படிக்க வேண்டும். அன்றைக்கு நான் தொப்பையும் கோபமுமாகக் கட்டிலில் உட்கார்ந்து உன்னைப் படிக்கச் சொல்லித் திட்டிக்கொண்டிருப்பேன். கண்டுகொள்ளாதே. உள்ளே இருப்பது இந்த ஆள்தான்.

கடிதத்தோடு துணியில் சுற்றிய ஒரு சோதனைக் குழாய் இருக்கும். பள்ளி ஆய்வகத்திலிருந்து அது தானாக என் கால்சட்டைப் பைக்குள் வந்து விழுந்தது. வாயைக் கார்க்கால் அடைத்து மெழுகு ஊற்றியிருக்கிறேன். மேலே தெளிந்த தண்ணீர், அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள். உடைத்துவிடாதே. அது உன் தாத்தாவின் மூச்சு. ஆமாம், உன் தாத்தாவின் நெஞ்சிலிருந்து வந்த மூச்சைப் பிடித்துக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறேன். இந்தத் தமிழ்நாட்டில் வேறு எவனாவது தன் மகனுக்கு இப்படி ஒன்றை வைத்திருந்தால் என் பதினோரு முடியையும் எடுத்துவிடுகிறேன்.

அந்த மூச்சின் கதைக்கு முன்னால் அந்த ஆளைச் சொல்ல வேண்டும். அப்பா மேலூர்ப் பக்கம் ஒரு கல் குவாரியில் வேலை பார்த்தார். பாறையில் துளை போடும் மிஷினைப் பிடிப்பவர். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் புருவம், இமை, காது முடி எல்லாம் வெள்ளையாக இருக்கும். அம்மா வாசலிலேயே நிறுத்தித் துண்டால் தட்டுவாள். தட்டத் தட்ட உள்ளேயிருந்து கறுப்பு அப்பா வெளியே வருவார். எனக்குப் பள்ளி விடுமுறை என்றால் அவரோடு நானும் போவேன். அவர் பாறையோடு மல்லுக்கட்டுவார், நான் குவாரிக் குட்டையில் தண்ணீரோடு மல்லுக்கட்டுவேன். போகும்போதும் வரும்போதும் வைகைப் பாலத்தில் எங்களுக்கு ஒரு பந்தயம் உண்டு. பஸ் பாலத்தில் ஏறியதும் இரண்டு பேரும் மூச்சைப் பிடிக்க வேண்டும். இறங்கும் வரை விடக்கூடாது. முதலில் விடுகிறவன் தோற்றவன்.

அப்பா இளவட்டமாக இருந்தபோது சடுகுடு ஆடியவர். ஒரே மூச்சில் பாடிக்கொண்டு போய் நாலு பேரைத் தொட்டுவிட்டு வருவாராம். அப்பேர்ப்பட்டவரை நான் எத்தனை முறை தோற்கடித்திருக்கிறேன் தெரியுமா? நாற்பத்து மூன்று முறை. அவர் ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. என் உத்தி எளிது. கன்னத்தை உப்பி, முண்டக்கண்ணை உருட்டி, பக்கத்து சீட்டில் தூங்கும் ஆளைப் போல் தலையை ஆட்டுவேன். பாலத்தின் நடுவிலேயே அப்பா 'புர்ர்' என்று சிரித்துவிடுவார். கண்டக்டர் அண்ணனுக்கு எங்களைத் தெரியும். "என்னண்ணே, இன்னைக்கும் தோல்வியா?" என்பார். "பய வைகையவே குடிச்சு வச்சிருக்கான் தம்பி, அம்புட்டு மூச்சு" என்பார் அப்பா. தோற்றவர் முகம் அவ்வளவு பிரகாசமாக இருந்து நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

போன வருஷம் ஒருநாள் பாலத்தில் மூன்றாவது விளக்குக் கம்பத்திலேயே அப்பா மூச்சை விட்டுவிட்டார். சிரிப்பினால் அல்ல. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினார். நான் பஸ்ஸே திரும்பிப் பார்க்க, "ஜெயிச்சுட்டேன்!" என்று கத்தினேன். கண்டக்டர் அண்ணன் கை தட்டவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை, இப்போது கவனிக்கிறேன். மகனே, யாராவது உன்னிடம் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகத் தோற்றால் கத்தாதே. அவர்கள் முகத்தைப் பார்.

கொஞ்சம் சிரித்துவிட்டு மேலே போவோம். எங்கள் பள்ளி பசுமலையில். உயிரியல் சார் ஒருநாள் ஆளுக்கொரு குழாயில் சுண்ணாம்புத் தெளிநீர் கொடுத்தார். கண்ணாடிக் குழல் வழியாக அதில் ஊதினால், நாம் வெளியே விடும் கரியமில வாயு பட்டு நீர் பால் போல் வெளுக்கும். எத்தனை நேரத்தில் வெளுக்கிறது என்று எழுத வேண்டும். என் பக்கத்து பெஞ்சு சிக்கந்தர், உயிர் நண்பன். அவன் அத்தாவுக்குக் கீழவாசல் பக்கம் சோடாக் கடை. மேசைக்கு அடியில் ஒரு கோலி சோடா, அதன் வாயில் ஒரு ரப்பர் குழாய், அதன் மறுமுனை என் சட்டைக் கை வழியாக நேரே சோதனைக் குழாய்க்குள். சிக்கந்தர் கோலியைக் கட்டைவிரலால் அமுக்கினான். அந்தச் சத்தத்தை மறைக்க நான் ஒரு இருமல் இருமினேன். கண் மூடித் திறப்பதற்குள் குழாய் பாலாகிவிட்டது.

சார் அசந்துபோனார். "டேய், இது நெஞ்சா, கொல்லன் துருத்தியா? எல்லாரும் வந்து பாருங்கடா!" என்றார்.

நான் நெஞ்சை நிமிர்த்தி, எங்கள் பரம்பரையே சடுகுடுப் பரம்பரை என்று விளக்கிக்கொண்டிருந்தேன். "மாப்ள... மாப்ள..." என்று சிக்கந்தர் என் இடுப்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தான். குனிந்து பார்த்தால், சோடா நிற்காமல் குமிழி விட்டுக்கொண்டிருக்கிறது, குழாயில் இருந்த பால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து மறுபடி தண்ணீராகிக்கொண்டிருக்கிறது. வாயு அளவுக்கு மிஞ்சினால் வெளுத்தது கரைந்துவிடுமாம். அது அடுத்த பக்கத்துப் பாடம். நான் அடுத்த பக்கத்தைத் திருப்புவதே இல்லை. சார் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார், ரப்பர் குழாய் வந்தது, பின்னாலேயே சோடா பாட்டில் வந்தது, அதைப் பிடித்துக்கொண்டு சிக்கந்தரும் வந்தான்.

தண்டனை, இம்போசிஷன் நூறு தடவை: 'உயிருள்ளது எதுவும் வெளியிலிருந்து வாங்கும், தனக்குள் மாற்றும், வெளியே விடும். கல் வாங்காது, விடாது.' எழுதி எழுதி விரல் வீங்கியது. ஆனால் நூறு தடவை எழுதினால் எதுவும் மண்டைக்குள் இறங்கிவிடும் போலிருக்கிறது. அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் எனக்கு அந்தக் கொடுக்கல் வாங்கல்தான் தெரிகிறது. தவளை தோலாலேயே மூச்சு வாங்குகிறது. மீன் தண்ணீரை விழுங்கிக் காற்றைப் பிரித்துக்கொள்கிறது. வேர் உப்பையும் நீரையும் வாங்கி மேலே அனுப்புகிறது. இலைக்கு வாய் பெரும்பாலும் அடிப்பக்கம்தான். என்னைப் போல முன்னால் வைத்துக்கொண்டு வாங்கிக் கட்டிக்கொள்வதில்லை. நம் நெஞ்சுக்குள் இருக்கும் காற்றறைகளையெல்லாம் பிரித்து விரித்தால் பாதி சடுகுடுக் களம் தேறும் என்றார் சார். அத்தனை பெரிய களத்தை மடித்து மடித்து இந்தக் கூட்டுக்குள் வைத்திருக்கிறது. சும்மா இருக்கும்போதுகூட அங்கே ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது.

இப்போது, எழுதப் பிடிக்காத ஒன்றை எழுதுகிறேன். அப்பாவின் இருமல் நிற்காமல் போனபோது தெருமுனை டாக்டர், "காசநோயா இருக்கலாம், எதுக்கும் பிள்ளையத் தள்ளி வைங்க" என்றார். அம்மா அப்பாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தாள். டம்ளரில் சிவப்புச் சாயத்தால் ஒரு பொட்டு. நான் என் பாயைச் சுருட்டிக்கொண்டுபோய் அடுப்படிக்கு அந்தப் பக்கம் போட்டேன். அதோடு நிற்கவில்லை. எங்கள் வீடு ஒரே நடைதான். அப்பா கொல்லைக்குப் போக வேண்டுமென்றால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் எழுந்து வரும்போதெல்லாம் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அவர் கடந்துபோய்ப் பத்து எண்ணும் வரை விடமாட்டேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அவர் தாண்டிப் போகவில்லை. என் முன்னால் நின்றுவிட்டார். நான் நிமிர்ந்து பார்த்தேன். என் கன்னம் உப்பியிருந்தது. அதே பழைய பஸ் சிரிப்போடு அவர் கேட்டார்:

"என்னடா, பாலம் வந்துருச்சா?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்றால் மூச்சை விட வேண்டுமே. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கொல்லைக்குப் போனார். மகனே, உன் தாத்தா என்னைக் கேட்ட கேள்விகளிலேயே விடை தெரிந்தும் எழுதாமல் விட்டது அந்த ஒன்றுதான்.

பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். காசநோய் இல்லை. ஒட்டுகிற நோயே இல்லை. இத்தனை வருஷம் அவர் இழுத்த கல்தூசி. வாங்கினது எல்லாவற்றையும் நெஞ்சு திருப்பிக் கொடுத்துவிடும், இதை மட்டும் கொடுக்காதாம். காற்றறைகளுக்குள் உட்கார்ந்து தழும்பாகிவிட்டது, அந்தத் தழும்பு வழியாகக் காற்று போகாது. "குணமாகுமா சார்?" என்று அம்மா கேட்டாள். பெரிய டாக்டர், "இனி தூசி படக் கூடாதும்மா, பார்ப்போம்" என்றார். 'பார்ப்போம்' என்கிற சொல்லை இரவல் வாங்கிக்கொண்டு வந்து நாங்கள் இந்த ஏழு மாதமாக அதிலேயே குடியிருக்கிறோம்.

அப்பா மட்டும் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாரும் என்னையக் கல்நெஞ்சக்காரன்னு சொன்னப்ப நான் ஒத்துக்கிறல. இந்தா, டாக்டரு படமே புடிச்சுக் குடுத்துட்டாரு."

அம்மா, "வெளையாட்டுப் பேச்சா இது?" என்று அழுதாள். எனக்கு இந்தக் கோணங்கித்தனம் எங்கேயிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சிரித்தேன். சிரித்துக்கொண்டே வெளியே போய் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றேன். அங்கே என்ன செய்தேன் என்பது உனக்குத் தேவையில்லாத விஷயம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரியில் அம்மா ரசத் தூக்கைக் கழுவக் குழாயடிக்குப் போன நேரம் பார்த்து நான் சோதனைக் குழாயை எடுத்தேன். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து, இரவெல்லாம் தெளிய வைத்து, மேலாக வடித்து எடுத்த நீர். இளநீர்க் கடையில் வாங்கிய ஒரு ஸ்ட்ரா. "ஊதுங்கப்பா" என்றேன்.

"எதுக்குடா?"

"சும்மாதான். பரிசோதனை. ஒங்க மூச்சைப் பாக்கணும்."

"மூச்சை எவன்டா பாத்திருக்கான்?"

"நான் காட்டுறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி, ஊதுறேன். ஆனா கள்ளாட்டம் ஆட மாட்டேன். நீ பாலத்துல ஒத்த மூக்கால இழுத்துக்கிட்டே வருவியே, அந்த மாதிரி எல்லாம் எனக்கு வராது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம், மகனே. நாற்பத்து மூன்று வெற்றிகளும் போலி. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, ஆற்றைப் பார்க்கிற மாதிரி மெல்ல மெல்ல மூக்கால் இழுத்துக்கொண்டுதான் வந்தேன். கன்னத்தை உப்பியது காட்சிக்கு. "தெரிஞ்சா ஏம்ப்பா கேக்கல?" என்றேன். "ஒனக்குத்தான் ஜெயிக்க அம்புட்டு ஆசையா இருந்துச்சே" என்றார்.

பிறகு ஸ்ட்ராவை வாயில் வைத்து ஊதினார் பார், சடுகுடு ஆடின நெஞ்சு! நான் பத்து எண்ணி முடிப்பதற்குள் குழாய் முழுக்கப் பாலாகிவிட்டது. பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்து கை தட்டினார். அப்பா குழாயை வெளிச்சத்தில் பிடித்து, "இம்புட்டா எனக்குள்ள இருந்துச்சு?" என்று கேட்டார். அப்போது அவர் முகம், பாலத்தில் தோற்கும்போது இருந்த முகம்.

வீட்டுக்கு வந்து இரவு முழுக்க அதை நிறுத்திவைத்தேன். காலையில் பார்த்தால் வெள்ளையெல்லாம் அடியில் இறங்கிப் படிந்திருந்தது. அது என்ன தெரியுமா? கல். சுண்ணாம்புக் கல்லும் இதுவும் ஒன்றுதான் என்கிறது புத்தகம். பாறை தூசியாகி அவருக்குள் போய் மூச்சை அடைக்கிறது. அவர் மூச்சு வெளியே வந்து என் உள்ளங்கையில் கல்லாக உட்கார்ந்திருக்கிறது. கல் வாங்காது, விடாது என்று நூறு தடவை எழுதினேனே, இந்தக் கல்லை மட்டும் அந்தக் கணக்கில் என்னால் சேர்க்க முடியவில்லை.

அவர் இல்லாத வீட்டில் சாயங்காலம் என்று ஒன்று வருகிறது, மகனே. பஸ் ஸ்டாண்டில் மேலூர் வண்டியின் ஹாரன் எனக்குத் தனியாகத் தெரியும். அது கேட்டதும் அம்மா கை தானாகத் துண்டைத் தேடும். பிறகு அதே துண்டால் தட்டைத் துடைப்பாள், தேடவே இல்லை என்பதுபோல. அந்தச் சிவப்புப் பொட்டு டம்ளரில்தான் நான் இப்போது காபி குடிக்கிறேன். பொட்டைச் சுரண்டினேன், போகவில்லை. போன வாரம் வேண்டுமென்றே பாலத்தைத் தாண்டும் ஒரு பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து சீட் காலி. இந்த முறை மூக்கையும் விரலால் பொத்திக்கொண்டு நேர்மையாக ஆடினேன். மூன்றாவது விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். மூன்றாவது கம்பம் எவ்வளவு தூரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நீ உன் தாத்தாவைப் பார்ப்பாயா என்று எனக்குத் தெரியாது. பார்த்தால் அவர் மடியில் உட்கார்ந்து கன்னத்தை உப்பிக் காட்டு, அவர் தோற்றுப்போவார். பார்க்க முடியாமல் போனால், அதற்காகத்தான் இந்தக் குழாய்.

கடைசியாகச் சில விஷயங்கள். இதை உன் அம்மாவிடம் மூச்சு விடாதே. முதலில் சின்னது: மீசையில் பதினோரு முடி என்றேன். முகம் கழுவிய பிறகு எண்ணினேன், ஏழு. நாலு அடுப்புக் கரி. அம்மா சொன்னது சரிதான்.

பெரியது இது. அப்பா குழாயில் ஊதிய அன்றைக்கு யாரும் கை தட்டவில்லை. பக்கத்துப் படுக்கையில் ஆளே இல்லை. அப்பா ஊதினார், இரண்டு குமிழி வந்தது. மறுபடி ஊதினார், ஒன்று வந்தது. நீர் லேசாக, கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி, மங்கியது. அதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. குழாயை என் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நான் அதே ஸ்ட்ராவை, அவர் வாய் வைத்த அதே நுனியை, துடைக்காமல் என் வாயில் வைத்து ஊதினேன். வெளுக்கும் வரை ஊதினேன். மிஞ்சிப்போய்த் தெளிந்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்து நிறுத்தினேன். அதனால் அந்தச் சிட்டிகைத் தூளில் எது அவருடையது, எது என்னுடையது என்று எந்த வாத்தியாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அனேகமாக முக்கால்வாசி என்னுடையது.

இருமல் அடங்கிய பிறகும் அவர் உடனே திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்:

"பாலம் தாண்டிருச்சாடா?"

"தாண்டிருச்சுப்பா" என்றேன்.

அப்புறம்தான் திரும்பிக் குழாயைப் பார்த்தார். "இம்புட்டா எனக்குள்ள இருந்துச்சு?"

"அம்புட்டும் ஒங்களுதுதான்ப்பா" என்றேன், மூச்சு வாங்கிக்கொண்டே.